பூஜ்யத் தேதிக்காரர்கள்

இந்த நாற்காலி வசதியாக இருக்கிறது. பதினோரு வருடம் நான் உட்கார்ந்த நாற்காலிக்கு ஐந்து சக்கரத்தில் ஒன்று கிடையாது. புதுசு கேட்டு நான்கு முறை எழுதிக் கொடுத்தேன். நான்காவது முறை "பரிசீலனையில் உள்ளது" என்று கெட்டித் தாளில் ஒரு பதில் வந்தது. அதை மடித்துச் சக்கரம் இல்லாத இடத்துக்கு முட்டுக் கொடுத்தேன், ஆட்டம் நின்றது. எங்கள் அலுவலகக் கடிதங்களில் எனக்கு உருப்படியாகப் பயன்பட்டது அது ஒன்றுதான்.

எதிலிருந்து ஆரம்பிக்க என்று கேட்டீர்கள். நான் வேலை பார்த்தது ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், சிறுநீரகத்துக்காகக் காத்திருப்பவர்களின் பட்டியலை வைத்திருக்கும் அலுவலகத்தில். பட்டியல் ஒரு டேட்டாபேஸில் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எங்காவது ஒருவர் இறந்து, குடும்பம் சம்மதித்து, ஒரு சிறுநீரகம் எங்களுக்கு வந்தால், மேலிருந்து கீழாகக் கூப்பிடுவார்கள். முன்னால் பதிந்தவர் முன்னால். ரத்த வகை சேரவில்லை என்றால் அடுத்தவர். டிக்கெட் கவுண்டர் வரிசை மாதிரிதான். ஒரே வித்தியாசம், இந்த வரிசையில் நிற்பவருக்குத் தனக்கு முன்னால் யார் நிற்கிறார் என்று தெரியாது. முதல் இடத்தில் ஒரு டெய்லர் இருந்தார். ஆறு வருடமாகக் காத்திருந்தார். அவரிடம் பிறகு வருகிறேன்.

டேட்டாபேஸ் சர்வரை இப்போதெல்லாம் கண்டெய்னரில் வைக்கிறார்கள். பயப்பட வேண்டாம், டப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருள் டப்பாவுக்குள் இருக்கும். பட்டியல் வெளியே தனி இடத்தில் இருக்கும். டப்பா பழசானால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வைக்கலாம், பட்டியலுக்கு ஒன்றும் ஆகாது என்று விற்பவர்கள் சொல்வார்கள். பழைய டப்பா எழுதி வைத்ததைப் புது டப்பாவுக்குப் படிக்கத் தெரியாமல் போகலாம் என்பதைச் சொல்ல மாட்டார்கள். அதனால் எந்த வெர்ஷன் டப்பா வேண்டும் என்று ஒரு கோப்பில் எண் போட்டு எழுதி வைப்போம். ஆறு வருடமாக அந்தக் கோப்பில் ஒரே எண் இருந்தது. நானும் நிம்மதியாகச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

எங்கள் டைரக்டருக்கு ஆறாவது மாடியில் அறை. ஏதோ ஒரு ஆய்வறிக்கையில் "பழைய வெர்ஷன்" என்ற வார்த்தையைப் படித்துவிட்டார். தன் வயதைத்தான் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ, உடனே என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"நம்ம ஆபீஸ்ல பழசுன்னு ஒண்ணு இருக்கலாமா?"

"நல்லா ஓடிட்டிருக்கு சார். மாத்தணும்னா படிப்படியாத்தான் ஏத்தணும். நடுவுல ரெண்டு வெர்ஷன் இருக்கு, ஒரேயடியாத் தாண்டினா..."

"நான் படிப்படியா ஏறியிருந்தா இந்த மாடிக்கு வந்திருப்பேனா?"

லிஃப்ட் இருக்கிறதே சார் என்று சொல்ல வாயெடுத்து, விழுங்கிவிட்டேன்.

"எப்பவும் லேட்டஸ்ட்னு எழுதி வச்சிடுங்க. பேச்சு முடிஞ்சுது."

அப்படி எழுத வழி இருக்கிறது, அதுதான் வம்பு. எண்ணுக்குப் பதில் "லேட்டஸ்ட்" என்று எழுதினால், சர்வர் அடுத்த முறை எழும்போது அன்றைக்கு எது கடைசியாக வந்ததோ அந்த டப்பாவை எடுத்துக்கொள்ளும். வேலை தெரிந்தவன் அப்படி எழுத மாட்டான். நான் எழுதினேன். அந்த வாரத்திலிருந்து அலுவலகத்தில் அவருக்கு "லேட்டஸ்ட்" என்று பெயர் விழுந்தது. அந்தப் பெயருக்கு நான் பொறுப்பில்லை. மற்றவற்றுக்கெல்லாம் பொறுப்பு என்று உங்கள் பக்கத்திலிருப்பவர் தட்டச்சு செய்துகொள்ளட்டும்.

வெர்ஷன் மாற்றத்துக்கு அவர் தொடக்க விழா வைத்தார். ஒரு திங்கட்கிழமை, காலை பதினோரு மணி, கீழ்த்தள அரங்கம். மேடையின் ஒரு பக்கம் பச்சைப் பொத்தான். இன்னொரு பக்கம் காகிதத்தை நார் நாராகக் கிழிக்கும் இயந்திரம். அது எதற்கென்றால், பட்டியல் பொறுப்பில் இருந்த நர்ஸம்மா அதே பட்டியலைக் காகிதத்திலும் எழுதி வைத்திருந்தார். நீல அட்டை போட்ட பெரிய நோட்டு, மாதாமாதம் நடப்புப் பட்டியலைப் புதுத் தாளில் எழுதி முன்னால் கோத்துவிடுவார், இருபது வருடப் பழக்கம். "காகிதத்துக்கு விடை கொடுப்போம்" என்று அறிவித்துவிட்டு, டைரக்டர் தன் கையாலேயே ஒவ்வொரு தாளாகக் கிழித்து இயந்திரத்தின் வாயில் விட்டார். புகைப்படக்காரர் கேட்டுக்கொண்டதால் முதல் தாளை மட்டும் கேமராவுக்கு நேராகக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் சிரித்தார். நர்ஸம்மா முதல் வரிசையில் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவ்வளவு அழுக்கு அதில் இருந்ததாகத் தெரியவில்லை.

பிறகு பொத்தானை அழுத்தினார். சர்வர் விழுந்தது. புது டப்பா வந்தது, பட்டியலைப் பார்த்தது, இது எனக்கு மிகவும் முந்தைய வெர்ஷன் எழுதியது, இதை என்னால் திறக்க முடியாது என்று ஒரு வரி எழுதிவிட்டுப் படுத்துக்கொண்டது. மறுபடி எழுந்தது, மறுபடி அதே வரி. மேடைக்குப் பின்னால் இருந்த பெரிய திரையில் அந்த வரி சிவப்பாக ஏறிக்கொண்டே போனது. டைரக்டர் திரும்பிப் பார்த்தார். "புரட்சின்னா கொஞ்சம் சத்தம் இருக்கத்தான் செய்யும்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் இரண்டு தட்டு தட்டிவிட்டு மாடிக்கு ஓடினேன்.

சிறப்பு விருந்தினர் பேசி முடிக்கும்வரை எனக்கு நேரம். மேடையில் நீட்டி முழக்குகிறவர்களை எனக்கு ஆகாது. அன்றைக்கு மட்டும் அவர் தொண்டை வற்றக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

அது எனக்குத் தெரிந்த வேலைதான். முதலில் எல்லாவற்றையும் அப்படியே நகல் எடுத்து வைத்தேன். கோப்பில் பழைய எண்ணைப் போட்டுப் பழைய டப்பாவைத் தனியாக எழுப்பினேன். அதனிடம் பட்டியலைக் கொடுத்து, எல்லாவற்றையும் வெறும் எழுத்தாக ஒரே கோப்பில் கொட்டச் சொன்னேன். பிறகு புது டப்பாவுக்குக் காலியான ஓர் இடத்தைக் காட்டி, கொட்டியதை அதில் ஏற்றினேன். மளமளவென்று ஏறியது. ஒலிபெருக்கியில் விருந்தினர் "மூன்றாவதாக நான் சொல்ல விரும்புவது" என்றபோது நின்றது.

பட்டியலில் "நீக்கப்பட்ட தேதி" என்று ஒரு கட்டம் உண்டு. ஒருவருக்குச் சிறுநீரகம் கிடைத்துவிட்டாலோ, வேறு ஊருக்குப் போய்விட்டாலோ, இறந்துவிட்டாலோ, அன்றைய தேதியை அதில் போடுவோம். தேதி விழுந்தால் பெயர் பட்டியலில் வராது. இன்னும் காத்திருப்பவருக்கு அந்தக் கட்டம் காலியாக இருக்க வேண்டும். ஆனால் இரண்டு வருடத்துக்கு முன்பிருந்த பழைய படிவம் எந்தக் கட்டத்தையும் காலியாக விடச் சம்மதிக்காது. அதனால் அப்போது பதிந்தவர்களுக்கெல்லாம் பூஜ்யத்தை வரிசையாகத் தட்டி வைத்திருந்தார்கள். பூஜ்யமாம் நாள், பூஜ்யமாம் மாதம், பூஜ்யமாம் வருடம். அதற்கு எங்கள் பாஷையில் அர்த்தம், இவர் இன்னும் காத்திருக்கிறார். பழைய வெர்ஷன் பெருந்தன்மையாக அதை ஒரு தேதி என்று ஒப்புக்கொண்டது. புது வெர்ஷன், அப்படி ஒரு நாள் கிடையாது என்றது. அது சொன்னது நியாயம்தான்.

அப்படிப்பட்டவர்கள் இருபத்தேழு பேர். பூஜ்யத்தை எடுத்துவிட்டு வேறு ஏதாவது போட்டால்தான் ஏறும். விருந்தினர் "இறுதியாக" என்றார். நான் அந்த இருபத்தேழு பேருக்கும் அன்றைய தேதியைப் போட்டேன். ஏறியது. கீழே திரை பச்சையானது. எனக்கும் சேர்த்துப் பொன்னாடை போட்டார்கள்.

அவசரம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநாள் டைரக்டர் அனுப்பிய சுற்றறிக்கை உங்கள் கோப்பில் இருக்கும். புது வெர்ஷன் வந்த ஒரே நாளில் காத்திருப்போர் எண்ணிக்கை இருபத்தேழு குறைந்தது என்று அதில் தடித்த எழுத்தில் இருக்கிறது. எப்படிக் குறைந்தது என்று யாரும் கேட்கவில்லை. நல்ல எண்ணிடம் யாரும் ஊர் பேர் விசாரிப்பதில்லை. இரண்டாவது வாரம் அவருக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். அதில் அந்த இருபத்தேழைப் பொறித்திருக்கிறார்கள் என்று கேள்வி.

நர்ஸம்மா மட்டும் புதன்கிழமை வந்து என் மேஜை ஓரத்தில் நின்றார்.

"தம்பி, டெய்லர் பேரைக் காணோமே. பழைய ஆளுங்க யாரையுமே காணோம்."

"புது வெர்ஷன்ல பழைய கேஸெல்லாம் தனிப் பக்கத்துல இருக்கும் சிஸ்டர். கூப்பிடுற நேரத்துல ரத்த வகை சேர்றவங்க மட்டும் தானா வருவாங்க."

"நிஜமாவா?"

"மெஷின் பொய் சொல்லுமா?"

"மெஷின் சொல்லாதுப்பா" என்றார். என்னையே பார்த்தார். "நோட்டு இருந்தா ஒரு தடவை ஒத்துப் பார்த்திருப்பேன். அந்த மனுஷன் அதையும் தின்னக் குடுத்துட்டாரு."

இந்த விவகாரத்தில் நான் நேராகச் சொன்ன இரண்டாவது பொய் அது. முதலாவதுக்குப் பிறகு வருகிறேன். தனிப் பக்கம் என்று ஒன்று கிடையாது.

அக்காவைப் பற்றிக் கேட்கப் போகிறீர்கள். நானே சொல்லிவிடுகிறேன். என் அக்காவுக்குப் பதினான்கு மாதமாக டயாலிசிஸ். அதே ஆஸ்பத்திரியின் தரைத்தளம், ஜன்னலோரப் படுக்கை. மத்தியான இடைவேளையில் நான் இறங்கிப் போய்ப் பக்கத்தில் உட்காருவேன். கையில் ஊசி போட்டு ஊசி போட்டு நரம்பு கயிறு மாதிரி புடைத்துக் கிடக்கும். ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீருக்கு மேல் குடிக்கக் கூடாது. அக்கா என் கையிலிருக்கும் டீயைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்ப்பாள். பிறகு நான் டீயை வெளியிலேயே குடித்துவிட்டுப் போகப் பழகினேன்.

"ஏன்டா, பட்டியலே உன் கையில இருக்கு. என் பேரைப் புடிச்சுக் கொஞ்சம் மேல தள்ளி விட்டா என்ன?" என்பாள். விளையாட்டுக்குத்தான்.

"அதெல்லாம் முடியாதுக்கா. யார் எந்த வரியைத் தொட்டாங்கன்னு எல்லாம் பதிவாகும்."

"பெரிய உத்தமன்டா நீ. சின்ன வயசுல என் பங்கு மிட்டாயைத் திருடித் தின்னவன்தானே."

அக்கா முப்பத்தோராவது இடத்தில் இருந்தாள். எங்கள் பட்டியல் நகரும் வேகத்துக்கு அது நான்கு வருடம். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அவ்வளவு காலம் இதயம் தாங்காது என்று சொல்லியிருந்தார். இரண்டு பெண் பிள்ளைகள். மாமா பஸ் டிரைவர், விடியற்காலை வண்டியை எடுத்தால் பொழுது சாய்ந்துதான் வருவார். இதையெல்லாம் இரக்கம் தேடிச் சொல்லவில்லை. முப்பத்தொன்று என்ற எண் எனக்கு எப்படி மனப்பாடம் என்று நீங்கள் கேட்பீர்கள், அதற்காகச் சொல்கிறேன்.

நான் அக்காவின் வரியைத் தொடவில்லை. பதிவை எடுத்துப் பாருங்கள். விழாவுக்குப் பிறகும் அது அவள் பதிந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. ஒரு புள்ளி மாறவில்லை.

அவசரம் என்று சொன்னேன். அதில் ஒரு சின்னத் திருத்தம். ஏற்றம் நின்றதும் எந்த வரியில் நின்றது என்று பார்த்தேன். வேலை தெரிந்தவன் பார்ப்பான். பூஜ்யத் தேதிக்காரர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தேன். அதுவும் முறைதான். இரண்டு வருடத்துக்கு முன் பதிந்தவர்கள் என்பதால் அவர்கள் எல்லோரும் பட்டியலின் தலைப்பகுதியில் இருந்தார்கள். முப்பத்தொன்றில் இருபத்தேழு போனால் நான்கு. கழித்தல் குற்றமில்லை, பள்ளிக்கூடத்தில் அடித்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். கட்டத்தைக் காலி செய்யவும் ஒரே ஒரு கட்டளைதான், தேதி போடவும் ஒரே ஒரு கட்டளைதான். இரண்டையும் தட்டி வைத்தேன். விருந்தினர் "இறுதியாக" என்று சொன்ன பிறகும் பதினேழு நிமிடம் பேசினார். நேரம் இருந்தது.

டெய்லருக்கு வருகிறேன். விசாரணை கவுண்டரில் இருந்தவரின் பதவியைச் சிக்கனத்துக்காக எடுத்துவிட்டார்கள். அந்த போனை, டேபிள் காலியாக இருக்கிறது என்று என் மேஜையில் கொண்டுவந்து வைத்தார்கள். டெய்லர் செவ்வாய்க்கிழமைதோறும் காலை பத்து மணிக்குக் கூப்பிடுவார். திங்கள், புதன், வெள்ளி அவருக்கு டயாலிசிஸ். செவ்வாய்தான் பேசத் தெம்பு இருக்கும். பின்னணியில் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்கும், ஒரு தையலும் மற்றொரு தையலும் சேர்கிற இடத்தில் நிறுத்திவிட்டுப் பேசுவார்.

விழாவுக்கு மறுநாளும் கூப்பிட்டார்.

"தம்பி, நம்ம நம்பர் எங்க நிக்குது?"

திரையில் அவர் பெயருக்கு நேரே "நீக்கப்பட்டவர்" என்று இருந்தது.

"அதே இடம்தான் அண்ணே. முதல் இடம்."

"முதல் இடத்துலயே ஏழு மாசமா நிக்கிறேனே, பஸ் கிளம்புற மாதிரியே தெரியலையே. டிரைவரைக் கொஞ்சம் தட்டி எழுப்புங்க தம்பி."

"சீக்கிரம் கிளம்பிடும் அண்ணே."

"சரி, உங்க இடுப்பளவு சொல்லுங்க. கூப்பிட்டாங்கன்னா ஆபரேஷனுக்கு முன்னாடியே ஒரு பேன்ட் தெச்சு வச்சிட்டுப் போறேன். அப்புறம் கை நடுங்குமோ என்னவோ."

முப்பத்தாறு என்று சொன்னேன். அடுத்த செவ்வாயும் கூப்பிட்டார். அதே இடம் என்று சொன்னேன். பேன்ட் வெட்டிவிட்டதாகச் சொன்னார்.

அந்த நாட்களில் தினமும் காலையில் சரி செய்யும் கட்டளையைத் திரையில் தட்டி வைப்பேன். ஒரே வரி. இருபத்தேழு பேரின் கட்டத்தையும் காலி செய்யும். அழுத்தினால் ஒரு நொடி. மாலையில் அழித்துவிட்டு வீட்டுக்குப் போவேன். அதை நான் சோதனை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மாற்றத்துக்குப் பிறகு புது வெர்ஷன் நிலைப்படக் கொஞ்ச நாள் விடுவது வழக்கம்தான், எந்த நிபுணரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

பத்தாம் நாள், வியாழக்கிழமை காலை, ஒரு சிறுநீரகம் வந்தது. நர்ஸம்மா முதலில் கூப்பிட்டவருக்குக் காய்ச்சல். அடுத்த இரண்டு பேருக்கும் ரத்த வகை சேரவில்லை. நாலாவது என் அக்கா. டெய்லருக்கும் அதே ரத்த வகை, நான் பார்த்திருந்தேன். தரைத்தளத்திலேயே இருந்ததால் அக்காவை ஸ்ட்ரெச்சரில் வைத்து லிஃப்டில் ஏற்றினார்கள். கதவு மூடுவதற்குள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"டேய், நீ ஒண்ணும் பண்ணிடலையே?"

"உன் வரியைத் தொடவே இல்லக்கா."

"சத்தியமா?"

"சத்தியமா."

பொய்ச் சத்தியம் செய்யவில்லை. அதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது பத்துக்கு, அக்காவுக்குச் சிறுநீர் பிரிந்தது என்று மாமா போன் செய்தார். மனிதர் பேச முடியாமல் அழுதார். போனை வைத்துவிட்டு, அன்றும் தட்டி வைத்திருந்த வரியை அழுத்தினேன். இருபத்தேழு பேரும் திரும்பி வந்து அவரவர் இடத்தில் நின்றார்கள். பிறகு கான்டீனுக்குப் போய் டீ குடித்தேன்.

அடுத்த செவ்வாய் டெய்லர் கூப்பிட்டபோது முதல் இடம் என்று சொன்னேன். அன்றைக்கு அது நிஜம். நிஜத்தைச் சொல்வது எவ்வளவு சுலபம் என்று அப்போது தோன்றியது. அவர் குரல் கொஞ்சம் மூச்சு வாங்கியது. மெஷின் சத்தம் கேட்கவில்லை.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை டயாலிசிஸுக்குக் கிளம்பும்போது வீட்டு வாசலில் செருப்பு மாட்டக் குனிந்தவர், நிமிரவில்லை. அந்த வியாழக்கிழமைச் சிறுநீரகம் அவருக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். டாக்டர்கள் எதையுமே உறுதியாகச் சொல்ல மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன்.

நான் மாட்டிக்கொண்டது டைரக்டரின் சிரிப்பால். ஆஸ்பத்திரிப் பத்திரிகையின் அட்டையில் விழாப் புகைப்படத்தைப் போட்டிருந்தார்கள். இயந்திரத்தில் விடப் போகும் முதல் தாளைக் கேமராவுக்குக் காட்டிக்கொண்டு நிற்கிறார். நர்ஸம்மா அதைப் பெரிதாக்கிப் படித்திருக்கிறார். சொந்தக் கையெழுத்தாயிற்றே. முதல் வரி டெய்லர், முப்பத்தோராவது வரி என் அக்கா. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பெயர்களில் ஒருவரைக் கூட வியாழக்கிழமை அவர் கூப்பிடவில்லை, மூன்று பேரைத் தவிர. அந்த அட்டையோடு என் மேஜைக்கு வந்தார்.

"தனிப் பக்கம்னு சொன்னியே தம்பி. அது எங்க இருக்கு?"

அவர் கத்தவில்லை. உட்காரவும் இல்லை.

"நானே என் வாயால உங்க அக்காவைக் கூப்பிட்டேன். அந்த மனுஷன் வீட்டுக்கும் நானேதான் போயி நின்னேன்."

ஆகவே, ஆம். தெரிந்துதான் செய்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை, அக்காவுக்குத் தெரியாது. தெரிந்தபோது என்ன சொன்னாள் என்பது இந்த வாக்குமூலத்துக்குத் தேவையில்லை. இப்போது என்னிடம் பேசுவதில்லை, தண்ணீர் மட்டும் வேண்டிய அளவு குடிக்கிறாளாம். பிள்ளைகள் சொன்னார்கள். பேன்ட்டை டெய்லரின் மனைவி கொடுத்தனுப்பினார். அளவு சரியாக இருக்கிறது.

ஒன்று மட்டும் உங்கள் குறிப்பில் சரியாக இல்லை. டெய்லரின் வரியில் நான் பொய்யான தேதி போட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் இறந்த அன்று, நீக்கப்பட்ட தேதியைப் போடச் சொல்லி நர்ஸம்மா சீட்டு அனுப்பினார், நான்தான் போட்டேன். போட்டுவிட்டு, விழா அன்று போட்டதோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஆறு வருடக் காத்திருப்பில் பதினெட்டு நாள்தான் வித்தியாசம். எங்கள் தொழிலில் அதையெல்லாம் பிழை என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.